மூன்றாவது பதில்

மூன்று சர்வர்களும் முதன்முறையாக ஒரே பதிலைச் சொன்ன அன்று எங்கள் அலுவலகத்தில் கேசரி கொடுத்தார்கள். என் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். முந்திரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது என்றாலும் எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. வருடக்கணக்கான உழைப்பு. பெருமைப்படாமல் வேறு என்ன செய்ய?

எங்களுடையது வெள்ளப் பகிர்வு மையம். ஆற்றில் கரை தாங்காத அளவுக்குத் தண்ணீர் வந்தால் எந்த மதகைத் திறந்து எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிக்கிற சாஃப்ட்வேர் இங்கேதான் இருக்கிறது. யார் வயல் மூழ்குவது என்று மனிதர்கள் முடிவெடுத்தால் வெட்டுக்குத்து ஆகிறது, மேலிடத்திலிருந்து போன் வருகிறது என்று சட்டம் போட்டு அந்த வேலையை சர்வர்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே சர்வரை நம்ப யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் மூன்று துறைகள், மூன்று ஊர்களில் மூன்று சர்வர்கள். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் மதகு தானாகத் திறந்துகொள்ளும். ஒன்று மாறிச் சொன்னாலும், பதிலே சொல்லாவிட்டாலும், எங்கள் அறையில் 'பொறு' என்று ஒரு விளக்கு எரியும். மதகு காத்திருக்கும். பணியிலிருக்கும் அதிகாரி நிலைமையைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால்தான் திறக்கும்.

மூன்று துறைகளும் ஆளுக்கொரு லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்து வைத்துக்கொண்டு பனை, வேம்பு, புங்கை என்று பெயர் சூட்டியிருந்தார்கள். வேர் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருக்கும் சாமான்கள் வேறு. பனையில் ஓடுகிற சாஃப்ட்வேர் வேம்பில் படுத்துவிடும். வேம்பில் ஓடவைத்தால் புங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை அப்டேட் வரும்போதும் நான் மூன்று ஊருக்கும் பஸ் ஏறி அலைவேன். இதெல்லாம் போதாதென்று, கணக்கின் கடைசி இலக்கங்களை வேம்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றும். அந்தச் சின்ன வித்தியாசம் வெள்ளக் கணக்கில் ஏறி ஏறிப் பெரிதாகி, மழைக்கு மழை 'பொறு' எரியும்.

நான் அதைத்தான் ஒழித்தேன். கேசரித் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்த இசக்கிராஜாவிடம் வாய் வலிக்க அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் எங்கள் மையத்தின் எலக்ட்ரீசியன். மதகு மோட்டார், விளக்கு, வயர் எல்லாம் அவன் கையில்.

"கட்டுச்சோறு கட்டிட்டுப் போறோம்லா, அது மாதிரி. போற ஊர்ல என்ன எண்ணெய், என்ன புளின்னு கேக்கவே வேண்டாம். சாஃப்ட்வேருக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டேன். எந்த லினக்ஸ்ல வச்சாலும் ஓடும். எங்க வச்சாலும் ஒரே பதில்தான்."

"ஒரு சர்வரு கெட்டுப்போச்சுன்னா?"

"இன்னொண்ணுல தானா எந்திரிச்சு உக்காந்துக்கிடும். அதுக்குத்தானே இம்புட்டுப் பாடு."

"அப்போ பொறு வெளக்கு?"

"இனி அதுக்கு வேலையில்ல. கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, சீரியல் லைட்டுக்கு ஆவும்."

அவன் சிரிக்கவில்லை. "எப்பவுமே எரியாதாக்கா?" என்று கேட்டான். எரியாது என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். நம் சந்தோஷம் இவனுக்கு ஏன் கசக்கிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மூன்றாம் நாள் மதியம் செல்போன் டவர்கள் எல்லாம் விழுந்துவிட்டன. எங்கள் மையத்தை மதகுகளோடும் மூன்று சர்வர்களோடும் இணைக்கிற கேபிள் மட்டும் உயிரோடு இருந்தது. மேலக்கோட்டையூர்க் கரையில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. திரையில் பன்னிரண்டு மதகுகளும் பச்சையாக இருக்க, ஏழாவது மட்டும் மஞ்சளுக்கு மாறியது. மஞ்சள் என்றால் திறக்க ஆயத்தமாகிறது என்று அர்த்தம். பனை, வேம்பு, புங்கை மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏறினால் சிவப்பு, உடனே திறப்பு. எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இசக்கிராஜா சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எக்கா, ஏழாம் மதகத் திறக்கப் போவுதா?"

"ஆமா. உப்பளப் பக்கம் விடப் போவுது. அங்க ஒண்ணும் இல்லல்லா."

"எங்க காலனி இருக்குக்கா."

ரெக்கார்டில் அது உப்பளத் தரிசு. ஆள் எண்ணிக்கை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் மூன்று சர்வர்களும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. உப்பு வாரப் போனவர்கள் அங்கேயே குடிசை போட்டு, குடிசை வீடாகி, நூறு குடும்பத்துக்கு மேல் இருக்கிறதாம். பட்டா கிடையாது, அதனால் கணக்கிலும் கிடையாது.

"இத்தனை வருசம் ஏழாம் மதகு திறந்திருக்கே. அப்போ என்ன செஞ்சீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "பொறு வெளக்கு எரிஞ்சா எங்க காலனியில சைரன் அடிக்கும்க்கா. நாந்தான் லைன் இழுத்து வச்சேன். கேபிள்ல ஒரு சோடி வயரு சும்மா கெடந்துச்சு. வெளக்கு எரிஞ்சா ஆப்பீசரு பாத்து அமுக்கங்குள்ள எப்படியும் முக்கா மணி நேரம் ஆவும். அதுக்குள்ள புள்ளகுட்டியள தூக்கிட்டு ரயில் மேட்டுக்குப் போயிருவோம். ஒரு மழைக்கும் சைரன் தப்புனதில்ல."

"இத ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"திருட்டு லைனுக்கா. சொன்னா வேலை போயிரும், லைனையும் அறுத்துருவாவ. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துப் பாப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள மழை வந்துட்டு." "லாவண்யாவும் புள்ளையளும் அங்கதாம்க்கா இருக்காவ. சைரன் அடிக்கலல்லா, அதனால தண்ணி வராதுன்னு நெனைச்சிட்டு வீட்டுக்குள்ள இருப்பாவ. பாலம் முங்கிட்டு. பைக்ல போவ முடியல, திரும்பி வந்துட்டேன்."

என் சாஃப்ட்வேர் எந்த நிரல் லைப்ரரியை நம்பி இருக்கிறது, எந்த ஃபைலைத் தேடுகிறது என்று ஒவ்வொன்றாகத் துருவித் துருவி எடுத்தவள் நான். என் சாஃப்ட்வேரை யார் நம்பி இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தேடவில்லை. ஐயோ, அதுவும் சரியான பதிலை அல்ல, அதன் கோணல் பதிலை நம்பி இருந்திருக்கிறார்கள்.

"வெளக்க மட்டும் எரிய வச்சா போதும்லா? நேரா கரன்ட் குடு" என்றேன்.

"லைன் மதகுப் பெட்டியில இருந்துல்லா போவுது. பொறு சிக்னல் வந்தாத்தான் அந்தப் பெட்டி பேசும்."

அப்படியானால் மூன்றில் ஒன்றை வாய் மூட வைக்க வேண்டும். பழைய சாஃப்ட்வேரை வேம்பில் திரும்ப ஏற்ற அரை நாள் ஆகும். வேம்பை அணைத்துவிடுவதுதான் வழி. என்னிடம் மூன்றுக்கும் சாவி உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டளை கொடுத்து வேம்பை அணைத்தேன்.

'பொறு' எரியவில்லை. வேம்பின் பெட்டி பனையில் போய் எழுந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று பதிலும் ஒன்றாகி நின்றன. பிறகு புங்கையை அணைத்தேன். அதுவும் பனைக்குப் போனது. இப்போது ஒரே சர்வரில் மூன்று பெட்டிகள் உட்கார்ந்துகொண்டு ஒன்றை ஒன்று ஆமோதித்துக்கொண்டிருந்தன. திரையில் மஞ்சள் ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"நல்லா செஞ்சு தொலைச்சிருக்கேன்டா. அதான் ஆச்சு."

பனையையும் அணைத்தால் மாவட்டத்தின் பன்னிரண்டு மதகுகளும் குருடாகிவிடும். வேறு எங்கே என்ன உடையும் என்று சொல்ல ஆளில்லை. இசக்கிராஜா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அணைத்தேன்.

மேஜை மேல் இருந்த என் லேப்டாப்பின் காற்றாடி உறுமத் தொடங்கியது. ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆறு மாதம் முன்பு சோதனைக்காக என் லேப்டாப்பையும் ஒரு சர்வர் என்று பட்டியலில் சேர்த்திருந்தேன். வேலை முடிந்ததும் நீக்க வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் மறக்கிற காரியம் அது. மூன்று பெட்டிகளும் இடம் தேடி என் மடிக்கு வந்துவிட்டன. பன்னிரண்டு மதகுகளும், ஆறும், ஊர்களும் அந்த ஓட்டை லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றும் அதே பதிலைத்தான் சொல்லின, ஏழாம் மதகைத் திறக்க ஆயத்தமாகு என்று.

ஆனால் இப்போது அவற்றுக்கு ஓடிப்போக வேறு இடம் இல்லை. மூன்றாவது பெட்டியைக் கொல்லவில்லை, அப்படியே உறையவைத்தேன். செத்தால்தான் வேறு இடத்தில் எழும். தூங்கினால், போவதற்கு இடமும் இல்லையென்றால், அது பாட்டுக்குக் கிடக்கும். இரண்டு பதில் வந்தது. மூன்றாவது வரவில்லை.

'பொறு' எரிந்தது. சுவரில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும் இசக்கிராஜா உட்கார்ந்துவிட்டான். ஏழாம் மதகின் கேமராவை அன்றுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தேன், அதில் ஒலி கிடையாது. ஆனால் தூரத்தில் காலனி வீடுகளின் கதவுகள் திறப்பது தெரிந்தது.

மகராஜன் அண்ணாச்சி அப்போதுதான் ஜெனரேட்டர் அறையிலிருந்து வந்தார். அன்று பணியில் இருந்த அதிகாரி அவர்தான். விளக்கைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன ஜெர்லினு, இனி எரியாதுன்ன?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பொத்தானுக்குப் போன கையை எடுக்கவில்லை. திறந்து விட வேண்டியது அவர் கடமை. மேலக்கோட்டையூரில் பத்தாயிரம் பேர். அதற்கும் மேலாக இன்னொன்று இருந்தது, அது எனக்கும் தெரியும். அவர் மகள் இரண்டு நாள் முன்புதான் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்தாள். பிரசவ வார்டு கீழ்த்தளத்தில்.

"எம் மவ அங்க கெடக்கா" என்றார். "ஆபரேசன் பண்ணுன ஒடம்பு. கரை உடைஞ்சா என்ன ஆவும்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா எங்கிட்ட குடுத்த இத?"

முடிவை நான் எடுத்தேன், பொத்தானை அவர் தலையில் கட்டிவிட்டேன். அவர் இசக்கிராஜா பக்கம் திரும்பினார். "ஒம் புள்ளைய எத்தனை வே?"

"ரெண்டு அண்ணாச்சி."

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்ற மதகுகள் கேட்கக் கேட்க அவற்றை மட்டும் அமுக்கினார். ஏழாவதைத் தொடவில்லை. மூவரும் அந்தக் கேமராப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழையில் புள்ளிபுள்ளியாக ஜனங்கள் ரயில் மேட்டுக்கு நகர்ந்தார்கள். ஒருத்தி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். யாரோ திரும்பி ஓடினார்கள், கட்டிலோடு ஒருவரைத் தூக்கி வந்தார்கள். என் லேப்டாப் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அது நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதால் கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டே இருந்தேன். கரை மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அண்ணாச்சியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வேண்டிக்கொண்டாரா, என்னைத் திட்டினாரா தெரியாது.

"எல்லாரும் ஏறியாச்சு அண்ணாச்சி" என்று இசக்கிராஜா சொன்னதும் அமுக்கினார்.

காலனியில் ஒரு வீடு மிஞ்சவில்லை. ஒரு உயிரும் போகவில்லை. மேலக்கோட்டையூரில் கரை உடையவில்லை, ஆனால் தண்ணீர் மேலே வழிந்து ஊருக்குள் புகுந்தது. ஆஸ்பத்திரியில் நர்சுகள் தாய்மார்களையும் பிள்ளைகளையும் மாடிக்குத் தூக்கிவிட்டார்கள். அண்ணாச்சியின் மகளுக்குத் தையல் பிரிந்து மறுபடி போட வேண்டியதாயிற்று. பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருந்த பால்வண்ணன் என்பவர் சிலிண்டரை எடுக்கக் கடைக்குள் போனவர், திரும்பி வரவில்லை. நேரத்தோடு திறந்திருந்தால் அந்தத் தெருவில் கால் நனைகிற தண்ணீர்கூட வந்திருக்காது. அது நான் நிறுத்தி வைத்த தண்ணீர். இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் மாறவில்லை.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து வசுந்தரா மேடம் வந்தார். நல்ல மூளை, வீண் வார்த்தை கிடையாது. முதலில் நான் காலனியைப் பற்றிச் சொன்னேன். அங்கே நூறு குடும்பம் இருக்கிறது, எச்சரிக்கை வேண்டும் என்றேன்.

"ரெக்கார்ட்ல அங்க யாரும் இல்லையே. ஆக்கிரமிப்புன்னா வருவாய்த் துறை பாத்துக்கும். நமக்கு சம்பந்தமில்ல."

"ஒரு சைரனாவது வைக்கலாமே மேடம்."

"பொதுமக்களுக்குத்தான் போன்ல மெசேஜ் போகுதே."

டவர் விழுந்த பிறகு யாருக்குப் போகும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சைரன் லைனைப் பற்றி வாய் திறந்தால் இசக்கிராஜா உள்ளே போவான் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

"விஷயத்துக்கு வருவோம்" என்றார். "மழையில மூணு சர்வரும் ஒண்ணு பின்னால ஒண்ணா விழுந்திருக்கு. அப்பவும் உங்க சாஃப்ட்வேர் ஒரு சாதாரண லேப்டாப்ல எழுந்து மாவட்டத்தையே ஓட்டியிருக்கு. நான் இந்த மாதிரி பாத்ததே இல்ல. உண்மையாவே பிரமாதம்."

எத்தனை வருடமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. மூணாவது பதில் ஏன் வரல? லேப்டாப்பையும் காணோம்."

லேப்டாப் அன்று மாலை வெள்ளத்தில் விழுந்துவிட்டது என்று மகராஜன் அண்ணாச்சி எழுதிக் கொடுத்திருந்தார். விழவில்லை, அவர்தான் போட்டார். நான் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வசுந்தரா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெர்லின், நேரா கேக்கறேன். அதை யாராவது வேணும்னு நிறுத்தினாங்களா? அப்படின்னா சாஃப்ட்வேர்ல குறையே இல்ல. அந்த ஆள் மேல கேஸ் போட்டுட்டு, அடுத்த மாசமே எல்லா ஆறுகளுக்கும் இதையே போட்டுடலாம். இல்ல, அதுவா நின்னுதுன்னா விதி என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியும். காரணம் கண்டுபிடிக்கற வரைக்கும் இதை எங்கயும் ஓட்டக் கூடாது. பழசுதான் ஓடணும்."

பழசு என்றால் மூன்று ஊரில் மூன்று விதமாகத் தடுமாறுகிற பழைய சாஃப்ட்வேர். முரண்டு பிடிக்கிற வேம்பு. மழைக்கு மழை எரிகிற விளக்கு.

உண்மையைச் சொன்னால் சிறை, ஆனால் என் வேலை ஜெயிக்கும். எல்லா ஆறுகளிலும் ஓடும், எல்லா மதகுகளும் யாரையும் கேட்காமல் திறக்கும். பொய் சொன்னால் நான் தப்பிப்பேன், என் வேலை குப்பைக்குப் போகும். பொய் சொல்வது காலனிக்காகவா, பால்வண்ணன் செத்த பழியிலிருந்து தப்பவா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

"கோளாறுதான் மேடம்" என்றேன்.

"என்ன கோளாறு?"

"தெரியல. எங்கயோ சரியா செய்யாம விட்டிருக்கேன்."

அவர் ஃபைலை மூடினார். "இவ்வளவு தூரம் செஞ்சிட்டு..." என்று மட்டும் சொன்னார். அந்த ஏமாற்றம் அவர் முகத்தில் நிஜமாக இருந்தது.

கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். வேறு யாருக்கு அந்தப் பெட்டி புரியும்? புதிதாக வந்த பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். ஒரு பிழையைப் பிடிக்க மாதக்கணக்காக முடியாதவள் என்று பேர் எடுத்தாயிற்று. அடுத்த ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. வேம்பு மாறிச் சொன்னது, விளக்கு எரிந்தது, மறுபடியும் குடிசை போட்டிருந்த காலனி மேட்டில் ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்கியது.

பால்வண்ணனின் மனைவி செல்லக்கனி மாதம் ஒரு தரம் இரண்டு பஸ் மாறி வருகிறார். அவர் கேட்பது பணம் இல்லை. என் மேஜைக்கு முன்னால் நின்று ஒரே கேள்விதான் கேட்பார்.

நேற்றும் வந்தார். "எதனால நின்னுச்சுன்னு தெரிஞ்சுதாம்மா?"

"இன்னும் இல்லம்மா. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எல்லாரும் விட்டாச்சும்மா. எங்க வீட்டு ஆளு ஏன் செத்தாருன்னு தேடுதது நீங்க ஒருத்திதான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் விட்றாதீங்க, என்ன?"

"விடமாட்டேன்மா" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். நான் இந்த மாத அறிக்கையைத் திறந்து, காரணம் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பினேன்.